'போய்ட்டு வரோம்' என்று சொல்லி வாங்கிய செம்பு

செம்பு வாங்க நெதர்லாந்து போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏன், குரோம்பேட்டையில பாத்திரக் கடை இல்லையா?" என்பதுதான். அவள் நினைத்தது தண்ணீர் குடிக்கிற செம்பை. நான் சொன்னது கம்பி இழுக்கிற செம்பை. விளக்கிச் சொன்ன பிறகும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. "அப்படியே ஒரு குடிக்கிற செம்பும் பாருங்க" என்றாள்.

தாம்பரம் சானடோரியம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்த ஒரு கம்பி ஷெட்டில் நான் சூப்பர்வைசர். பம்ப்செட் மோட்டாருக்குள் சுற்றுகிற செம்புக் கம்பிதான் எங்கள் சரக்கு. முதலாளி தணிகாசலம் மாடம்பாக்கத்துக்காரர். அப்பா காலம் வரை நெல் போட்ட குடும்பம். அவருடைய பங்காளிகள் எல்லோரும் வயலில் கல் நட்டு, மனை போட்டு விற்று, மொடமொட வெள்ளைச் சட்டையில் திரிந்துகொண்டிருந்தார்கள். இவர் மட்டும், "நெலத்த வித்துத் துன்றது ஒரு பொழப்பா?" என்று சொல்லிவிட்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் செம்பு கிடைக்கவில்லை. எண்பதுகள் முழுக்க அரசாங்கக் கோட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் காட்டினார்கள். பிறகு அதுவும் சுருங்கியது. பழைய ரேடியேட்டர், ஓட்டை கீசர், கழற்றிப் போட்ட ஒயர் எல்லாவற்றையும் உருக்கி இழுத்தோம். கம்பி பாதியில் அறுந்தது. அறுந்தது போக மீதியைச் சுற்றிய மோட்டார்கள் புகைந்தன. படப்பையில் ஒரு மோட்டார் கடைக்காரர் எங்கள் கம்பிச் சுருளை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார்.

முதலாளியின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, மனை வியாபாரத்தில் இருந்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பைக் கொண்டுவந்து ஷெட்டின் நீள அகலத்தை அளந்து பார்த்தார். சும்மாதான் அளந்தேன் என்றார். இந்த வருஷம் நல்ல செம்பு வராவிட்டால் ஷெட்டைப் பிரித்து மனை போட்டுவிடுவது என்று குடும்பத்தில் முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஷெட்டை நம்பி நாற்பது பேர் இருந்தோம். நான் அஸ்தினாபுரத்தில் கடன் வாங்கி வீடு கட்டி, இன்னும் வெளிச்சுவர் பூசாமல் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் கதவைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து நேராகச் செம்பு வாங்கலாம். ராட்டர்டாமில் ஒரு வியாபாரி இருப்பதாகத் தகவல் வந்தது. முதலாளி, "ஆள மூஞ்சிக்கு மூஞ்சி பாக்காம ஒரு பைசா அனுப்ப மாட்டேன்" என்றார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரும் என்று அவர் நம்பினார். அதனால் நானும் போனேன்.

மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வந்தவர்களில் கன்னியப்பனும் இருந்தார். எங்கள் உலையைப் பார்த்துக்கொள்கிறவர், கோவளம் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். வறுத்த நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தார். "நல்ல செம்பா பாத்து எட்த்துகினு வாங்க சார். கண்ட குப்பையும் உருக்கி உருக்கி எனக்கே நெஞ்சு கரிச்சுக்கினு கீது" என்றார்.

ராட்டர்டாமில் இறங்கிய முதல் நாள் மழை. நம்மூர் மழை மேலிருந்து விழும். அந்த ஊர் மழை பக்கத்திலிருந்து வருகிறது. குடை பிடித்தவர்களும் நனைந்தார்கள், பிடிக்காதவர்களும் நனைந்தார்கள், யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஊரின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று விடுதிக்காரர் பெருமையாகச் சொன்னார். முதலாளி அவரை நம்பவே இல்லை. "மேற்கு தாம்பரத்துல ஒரு மழைக்கே கட்டில் மெதக்குது. இவன் கடலுக்குக் கீழ குந்திகினு காஞ்ச சட்டை போட்டுகினு கீறான்" என்றார்.

டிராமுக்கு ஒரு நீளச் சீட்டு வாங்க வேண்டும். அதில் கட்டம் கட்டமாக இருக்கும். எத்தனை வட்டாரம் போகிறோமோ அத்தனையோடு ஒன்று கூட்டி, அந்தக் கட்டத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு இரண்டு கட்டம், இரண்டு வட்டாரத்துக்கு மூன்று. இதை நான் படித்துச் சொன்னதும் முதலாளி முகம் மலர்ந்தது. "மொய் எழுதறா மாரி மேல ஒண்ணு வெக்கறான்யா. நல்ல ஜனங்க" என்றார். அந்த மகிழ்ச்சியில் ஆளுக்குத் தனித்தனியாகக் குத்த வேண்டும் என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பரிசோதகர் ஏறினார். மிகப் பொறுமையாக எங்கள் தவறை விளக்கினார். அபராதத்தை மட்டும் மேலே ஒன்று வைக்காமல் ரவுண்டாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை விடுதியில் ரொட்டி கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சாக்லெட் துகளைச் சீரக மிட்டாய் தூவுவதுபோல் தூவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சாப்பிட்டார். நம்மூரில் பிள்ளைகள் இதைக் கேட்டால் முதுகில் ஒன்று விழும். நாங்கள் நெத்திலிப் பொட்டலத்தை மெல்லப் பிரித்தோம். பெரிய மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

செம்பு வியாபாரியின் பெயர் ஹெங்க். உயரமான ஆள், காது வரை சிவப்பு. ஆபீஸ் என்றால் இரண்டு அறை, நான்கு டெலிபோன், லண்டன் விலையை நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டுகிற ஒரு திரை, அவ்வளவுதான். ஒரு கிராம் செம்பு கண்ணில் படவில்லை. காபி கொடுத்தார். ஒரு டின்னைத் திறந்து நீட்டினார். ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்தோம். உடனே டின்னை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். "ஒரு பிஸ்கோத்து குடுத்துட்டு டப்பாவ மூடிட்டாம்பா. இவன் எங்க வெலைய கொறைக்கப் போறான்" என்று முதலாளி என் காதில் சொன்னார்.

அவர் சொன்னபடியேதான் ஆனது. சுத்தம் செய்த செம்பு உலகமெங்கும் ஒரே மாதிரி கனமான தகடாக வருகிறது, கேத்தோடு என்பார்கள். அதற்கு லண்டனில் தினம் ஒரு விலை சொல்கிறார்கள். அதன் மேல் ஹெங்க் தன் பங்குக்கு ஒரு தொகை வைத்தார். முதலாளி குறைக்கச் சொன்னார். ஹெங்க் முடியாது என்றார். முதலாளி தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குறைக்கச் சொன்னார். ஹெங்க் மறுபடி, அதே குரலில், முடியாது என்றார். நம்மூரில் முடியாது என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு சங்கடம் இருக்கும். இந்த ஆள் மணி கேட்டால் மணி சொல்வதுபோல் முடியாது என்கிறார்.

முதலாளிக்கு அந்த விலை கட்டாது என்று ஆகிவிட்டது. எழுந்தார். வேட்டி இருந்தால் இறுக்கிக் கட்டியிருப்பார். பேண்ட்டாக இருந்ததால் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தாம்பரத்தில் எந்தக் கடையிலும் ஒரு மனிதன் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வானோ அப்படியே தன் இங்கிலீஷில் சொன்னார். பார்க்கலாம் என்றார். போய்ட்டு வரோம் என்றார். வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் இங்கிலீஷில் சொன்னார். ஹெங்க் தலையசைத்து இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். விஷயம் முடிந்தது என்று நாங்கள் வெளியே வந்தோம்.

சாயங்காலம் சோறு தேடி அலைந்தோம். ஒரு சந்தில் ரொட்டிக் கடை. நம்மூர்ச் சப்பாத்தி மாதிரி, உள்ளே பருப்புப் பொடி, பக்கத்தில் உருளைக்கிழங்கும் கோழியும். கடைக்கார அம்மாவின் முன்னோர்கள் எந்தக் காலத்திலோ கப்பலேறி சுரினாம் போனவர்களாம். அங்கிருந்து இவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா சந்தோஷமாக இந்தியில் பேச ஆரம்பித்தார். நாங்கள் முழித்தோம். இந்தியாவிலிருந்து வந்துவிட்டு இந்தி தெரியாதா என்று அவருக்கு வருத்தம். டெல்லியில் கேட்கிற அதே கேள்வியை இவ்வளவு தூரம் வந்தும் கேட்க வேண்டியிருந்தது. இருந்தாலும் முதலாளிக்கு இன்னொரு கரண்டி கோழி போட்டார்.

சாப்பிட்டுவிட்டு டெலிபோன் கூண்டிலிருந்து முதலாளி வீட்டுக்குப் பேசினார். எடுத்தது மச்சான். "இன்னா மாமா, படியலியா? கல்லு நட ஆள் சொல்லிரட்டா?" என்று அவர் கேட்டது வெளியே நின்ற எனக்கே கேட்டது. முதலாளி ரிசீவரை மாட்டினார். திரும்பி நடக்கும்போது, "மணி, ஒனக்கு வேற எங்கனா வேலை கெடைக்குமில்ல?" என்றார். கிடைக்கும் சார் என்றேன். கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பரிவு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை விடுதி வாசலில் கார் நின்றது. ஹெங்க் தானே ஓட்டி வந்திருந்தார். முதலாளி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். "பாத்தியா, எறங்கி வர்றான். நேத்து வெரப்பா இருந்தவன் இன்னிக்கு காரோட வந்துகினு கீறான். நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போல் படியிறங்கினார்.

கார் துறைமுகத்துக்குப் போனது. இறங்கியதும் நான் சைக்கிள் பாதையில் நின்று துறைமுகத்தை வேடிக்கை பார்க்கப் போய், ஒரு கிழவி மணியடித்துக்கொண்டே என்னைத் திட்டிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று ஹெங்கிடம் கேட்டேன். "நீங்கள் நிற்பதற்கு இந்த நாட்டில் வேறு நிறைய இடம் இருக்கிறது என்கிறார்" என்று மரியாதையாக மொழிபெயர்த்தார். முழுதும் அதுவாக இருந்திருக்காது.

கிடங்கைத் திறந்தார்கள். தரையிலிருந்து கூரைக்குப் பக்கம் வரை செம்பு. கதவில் பாதி அகலத்துக்குத் தகடுகள், கட்டுக் கட்டாக எஃகுப் பட்டை போட்டு, லேசான ரோஸ் நிறத்தில் அடுக்கியிருந்தன. சில கட்டுகள் சிலியிலிருந்து, சில ஜாம்பியாவிலிருந்து. ஓட்டை கீசரை உருக்கியே பழகிய கண்ணுக்கு அது பெருமாள் கோயில் மடப்பள்ளி மாதிரி இருந்தது. முதலாளி ஜாம்பியா முத்திரை போட்ட ஒரு தகட்டை உள்ளங்கையால் தடவினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்த அடுக்கு இங்கே வந்து எவ்வளவோ காலம் ஆகிறது" என்றார் ஹெங்க். "வந்த பிறகு பல பேருக்கு விற்றிருக்கிறது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு விற்பார். எல்லாம் காகிதத்தில்தான். செம்பு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை."

நான் தமிழில் சொன்னேன். முதலாளி சத்தமாகச் சிரித்தார். "நம்ம மாடம்பாக்கம் மனை கணக்கா கீதேய்யா. ஒரே கிரவுண்டு கை மாறிக்கினே கீது, எவனும் வூடு கட்டல." என்ன சொல்கிறார் என்று ஹெங்க் கேட்டார். அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாம் என்றேன். சிரித்து முடித்த பிறகும் முதலாளி அந்த அடுக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விலையைக் குறைக்கும் பேச்சை ஆரம்பிக்கப் போனார். அதற்குள் ஹெங்க் பேசினார். "நேற்று சாயங்காலம் லண்டனில் விலை ஏறிவிட்டது. இன்று காலையும் ஏறியிருக்கிறது. இதே அடுக்கை வேறொருவர் புதிய விலைக்குக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் செம்பைப் பார்க்க வேண்டும் என்றீர்கள், போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னீர்கள். அதனால் நேற்றைய விலைக்கே உங்களுக்காக வைத்திருக்கிறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நான் எப்ப வரேன்னு சொன்னேன்?"

"கிளம்பறப்ப சொன்னீங்க சார். போய்ட்டு வரோம்னு."

"அது கெளம்பறப்ப சொல்றதுய்யா."

"அதைத்தான் அவர் கேட்டுக்கிட்டார். பார்க்கலாம்னும் சொன்னீங்க. அதான் காட்டறதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கார்."

நேற்றுக் கட்டாது என்று எழுந்து வந்த விலை இன்றைக்கு லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அதோடு போயிற்று. ஆனால் முதலாளி மதியம் வரை கலங்கியே இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டிக் கடையில் ஹெங்க் எங்களுக்கு மீன் வாங்கிக் கொடுத்தார். உப்பில் ஊறிய பச்சை மீன், மேலே நறுக்கிய வெங்காயம். அவர் வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாய்க்குள் விட்டுக்கொண்டார். கன்னியப்பன் பார்த்தால் கண்ணீர் விட்டிருப்பார், அடுப்பு கூட இல்லாத ஊரா என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். முதலாளி மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "மணி, அந்தாளுகிட்ட விஷயத்த சொல்லிரு. தெரியாம நஷ்டப்படப் போறான். நம்மால ஒருத்தன் ஏமாறக் கூடாது" என்றார்.

சொன்னேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், அது அபசகுனம், ஒரேயடியாகப் போவது போல. அதனால் போய்ட்டு வரேன் என்போம்.

ஹெங்க் மீனை மென்றுகொண்டே கேட்டார். "அப்படிச் சொல்லிவிட்டு வரமாட்டீர்களா?"

"வரமாட்டோம்."

"உண்மையிலேயே திரும்பி வருவதாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?"

"அப்போதும் அதையேதான்."

"கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

பிறந்ததிலிருந்து இந்த மொழியைப் பேசுகிறேன், இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. முதலாளியிடம் கேட்டேன். "வந்தா, வரேன்னு சொன்னான்னு அர்த்தம். வரலன்னா, போறேன்னு சொன்னான்னு அர்த்தம். இதுல இன்னா கொயப்பம்?" என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன்.

ஹெங்க் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நீங்கள் வந்துவிட்டீர்களே" என்றார். "நான் விலை சொன்னேன், நீங்கள் வருவதாகச் சொன்னீர்கள், வந்தும் விட்டீர்கள். உங்கள் மொழியிலும் சரிதான், என் மொழியிலும் சரிதான்." அதே விலைக்கே கொடுத்தார். அன்று ஆபீசில் காபியோடு டின்னை மறுபடி நீட்டினார், ஆளுக்கொரு பிஸ்கட்டுக்கு. முதலாளி கையெழுத்துப் போட்டார். மறுநாள் விமானத்தில் ஏறியதும் நன்றாகத் தூங்கிவிட்டார். ஷெட் பிழைத்தது என்று நானும் தூங்கினேன்.

ஊரில் கன்னியப்பன் உலைக்குள் புதுச் செங்கல் வைத்துப் பூசினார். எலுமிச்சம்பழம் அறுத்து வாசலில் வைத்தோம். மச்சான் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வரவில்லை. படப்பைக் கடைக்காரரிடம் நானே போய், இனிமேல் கம்பி அறுந்தால் என்னைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனைவிக்குக் குரோம்பேட்டையிலேயே ஒரு செம்பு வாங்கிக் கொடுத்தேன்.

கப்பல் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த பிறகும் லண்டனில் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கப்பல் பாதிக் கடலில் இருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். சரக்கு கரைக்கு வரும் முன்பே காகிதத்தைத் தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும், ஏறிய விலையைத் தருகிறேன் என்றார். முதலாளி இரண்டு நாள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "எறக்கி, உருக்கி, இழுத்து, சுத்தி, வித்து, பாக்கிக்கு அலைஞ்சு ஒரு வருஷத்துல வர்றது, ஒரே கையெழுத்துல வருது மணி. இந்த ஒரு தபா தான். அடுத்த லாட்டு நமக்கு" என்றார். ராட்டர்டாம் கிடங்கில் அவர் சிரித்து முடித்துவிட்டு எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நம்மால் ஒருத்தன் ஏமாறக் கூடாது என்று பச்சை மீனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன மனிதர்தான் இவர். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உருக்க ஒன்றுமில்லாததால் ஷெட்டில் எல்லோரையும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் எடுக்கவில்லை. காலையில் வந்து கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு காலையில், ஹார்பரிலிருந்து வந்த லாரி ஒன்று ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் கேட்டுக்கு எதிரே நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. உள்ளே ரோஸ் நிறத் தகடு, எஃகுப் பட்டை. ராட்டர்டாமில் முதலாளி நகத்தால் சுரண்டிப் பார்த்த அதே ஜாம்பியா முத்திரை.

கன்னியப்பன்தான் முதலில் எழுந்தார். "நம்ம செம்பா சார் அது?" என்றார். ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து லாரியைச் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. கன்னியப்பன் மட்டும் குனிந்து, தார்ப்பாய் இடைவெளியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுத்தமான சரக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

டிரைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பும் முன் என்னைப் பார்த்து, "ஏனுங்க, இத்தன பேரு நிக்கறீங்க, இங்க ஏதாச்சும் ஆக்சிடெண்டுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.